புதுப்பிப்பு: டிஎஃப்இ731 இடது எஞ்சினில் ஐடிடி அதிகம் – காரணம் சர்ஜ் பிளீட் வால்வு

போன பதிவின் சுருக்கம்: லியர்ஜெட் 35 (இரண்டு டிஎஃப்இ731 ஜெட் எஞ்சின் கொண்ட சிறு விமானம்), இரண்டு எஞ்சினிலும் ஒரே என்1 (விசிறியை இயக்கும் தண்டின் வேகம்), ஆனால் இடதில் ஐடிடி (டர்பைன் கட்டங்களுக்கு இடையிலான வெப்பநிலை) 25 டிகிரி கூடுதல். அதை அளக்கும் சென்சாரான தெர்மோகப்பிளை மாற்றச் சொல்லிப் பலர் எழுதியிருந்தார்கள். மாற்றத் தேவைப்படவில்லை.

முதலில் எரிபொருள் ஓட்டத்தைப் பாருங்கள். ஐடிடி மட்டும் ஏறி, என்2-வும் (உயர் அழுத்தத் தண்டின் வேகம்) எரிபொருளும் வலது எஞ்சினோடு ஒத்துப்போனால் கோளாறு அளவுகாட்டியில் இருக்க வாய்ப்பு அதிகம். இங்கே எரிபொருளும் சேர்ந்தே ஏறியிருந்தது. அப்படியானால் அழுத்திய காற்று எங்கோ உண்மையிலேயே வெளியேறுகிறது. எஞ்சினிலிருந்து காற்றை எடுக்கும் ஆன்டி-ஐஸ் (பனி உறையாமல் காப்பது), கேபின் பிளீட் (பயணிகள் அறைக்குப் போகும் காற்று) இரண்டையும் அணைத்த பிறகும் வித்தியாசம் குறையவில்லை. மிஞ்சியது, கம்ப்ரஸரிலிருந்து காற்றைத் திறந்துவிடும் சர்ஜ் பிளீட் வால்வுதான்.

இந்த வால்வுக்கு மூன்று நிலை: முழுத் திறப்பு, மூன்றில் ஒரு பங்கு, மூடல். எரிபொருளைக் கட்டுப்படுத்தும் எஞ்சின் கம்ப்யூட்டரின் சிக்னல் போனால் மூன்றில் ஒரு பங்கில் நின்றுவிடும். கம்ப்ரஸர் சர்ஜ் ஆகாமல் (காற்றோட்டம் தடுமாறிப் பின்னோக்கித் தள்ளாமல்) காக்கும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் உயர் பவரில் அந்தக் காற்று வீண், அதை ஈடுகட்ட எரிபொருள் கூடும், சூடும் ஏறும்.

அந்த சிக்னல் போகும் கனெக்டரைக் கழற்றியதும் ஒரு பின்னில் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்தால் சில வாரத்தில் திரும்ப வரும், பின்னையே மாற்றுவதுதான் சரி. மாற்றி, கிரவுண்ட் ரன் செய்ததில் வித்தியாசம் 4 டிகிரி. வால்வைத் தொடவே இல்லை.