ஏஐஎஸ் டேட்டாவில் வரைபடம் முழுக்க மோதல்! புரோகிராம் தப்பா, டேட்டா தப்பா?

தூண்டில்முள்:
வணக்கம். கடலோரத்தில் இரண்டு ரிசீவர் வைத்து ஒரு மாத ஏஐஎஸ் டேட்டா (கப்பல்கள் தங்கள் அடையாளம், இடம், வேகத்தை ரேடியோவில் தானாக அனுப்பும் செய்திகள்) சேர்த்திருக்கிறேன். கப்பல்கள் எங்கே அடிக்கடி நெருங்கிக் கடக்கின்றன என்று வரைபடம் போட்டு, படகு ஓட்டுபவர்களிடம் காட்ட ஆசை. இரண்டு கப்பல் அரை கடல் மைலுக்குள் வந்தால் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான் கணக்கு. ஓட்டிப் பார்த்தால் அம்மை போட்ட மாதிரி எங்கும் சிவப்பு. ஒரு கப்பல் வட துருவத்தையும் தாண்டி நிற்கிறது. இன்னொன்று பத்து விநாடிக்கு ஒருமுறை 200 மைல் தாவிப்போய்த் திரும்புகிறது. ஒரு ஜோடி நடுராத்திரியில் 40 நிமிடம் 60 மீட்டர் இடைவெளியில் ஒட்டியே போயிருக்கிறது. எங்கே கோட்டை விட்டேன்?

நங்கூரச்சங்கிலி:
துருவத்துக் கப்பலின் அட்சம் 91, தீர்க்கம் 181 என்று இருக்கும், பாருங்கள். ஏஐஎஸ் தனக்குத் தெரியாததைக் காலியாக விடாது, நடக்கவே முடியாத ஒரு எண்ணைப் போட்டுவிடும். முகப்புத் திசை 511, வேகம் 102.3 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) என்று வந்தாலும் அதே கதைதான். எல்லாவற்றையும் முதலில் வடிகட்டுங்கள்.

தாவுகிற கப்பல் ஒன்றல்ல, இரண்டு. ஒரே எம்எம்எஸ்ஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் தனியாக இருக்கவேண்டிய ஒன்பது இலக்க அடையாள எண்) இரண்டு கருவியில் போட்டிருக்கிறார்கள். வலை மிதவையில் கட்டும் மலிவுக் கருவிகளில் இது சகஜம். 123456789 என்றெல்லாம்கூட எண் வரும். அந்த எண்ணையே அழித்துவிடாதீர்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிக்கு நடுவே 50 நாட்டுக்கு மேல் வேகம் தேவைப்பட்டால் அதை வேறு தடமாகப் பிரியுங்கள்.

ராத்திரி ஜோடியில் ஒன்றின் கப்பல் வகை 52 ஆக இருந்தால் அது டக், அதாவது பெரிய கப்பலை இழுக்கவும் தள்ளவும் உதவும் படகு. 31 என்றால் எதையோ இழுத்துக்கொண்டு போகிறது, 50 என்றால் பைலட் படகு, கப்பலுக்கு வழிகாட்டியை ஏற்றிச் செல்வது. ஒட்டிப் போவதுதான் அவற்றின் வேலை.

தூண்டில்முள்:
அண்ணா, அப்படியே! வகை 52. சிவப்பு பாதிக்கு மேல் போய்விட்டது. ஆனால் ஒரு இடம் உறுத்துகிறது. ஒரு கப்பல் 15 நாட்டில் நேராகப் போகிறது, இன்னொன்று குறுக்கே வெட்டுகிறது. என் கணக்குப்படி ஒன்று மற்றதன் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது. நிஜமாக மோதியிருந்தால் ஊருக்கே தெரிந்திருக்கும்.

பழையலாக்புக்:
ஒரு கப்பலை ஒரு ரிசீவரும், மற்றதை அடுத்ததும் பிடித்திருக்குமே?

தூண்டில்முள்:
ஆமாம்! எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

பழையலாக்புக்:
இருப்பிடச் செய்தியில் இடத்தை அளந்த தேதி கிடையாது, மணி கிடையாது. விநாடி மட்டும்தான் இருக்கிறது, 0 முதல் 59 வரை. மீதி நேரத்தை ஒட்டுவது உங்கள் ரிசீவரோடு இருக்கும் கம்ப்யூட்டர். அதன் கடிகாரம் பிசகினால் கப்பல் பிசகும். 15 நாட் என்றால் விநாடிக்கு 7.7 மீட்டர். 37 விநாடி தப்பினால் கப்பல் 285 மீட்டர் நகர்ந்துவிடும். பின்பக்கமாக ஒழுங்காக ஒதுங்கிப் போனவன், உங்கள் படத்தில் நடுவிலேயே இடித்துவிடுவான்.

செய்தியில் உள்ள விநாடியையும் ரிசீவர் போட்ட விநாடியையும் கழித்துப் பாருங்கள். நல்ல ரிசீவரில் வித்தியாசம் ஓரிரு விநாடிதான் இருக்கும். எல்லாக் கப்பலுக்கும் ஒரே பெரிய எண் வந்தால் குற்றவாளி கடிகாரம். நிமிடக்கணக்கில் தப்பா என்று அறிய, கரை நிலையம் அனுப்பும் 4-ஆம் வகைச் செய்தியைப் பாருங்கள், அதில் முழுத் தேதியும் நேரமும் இருக்கும்.

இன்னொன்று. நீங்கள் அளப்பது கப்பலுக்குக் கப்பல் தூரம் அல்ல, ஜிபிஎஸ் ஆன்டெனாவுக்கு ஆன்டெனா தூரம். 5-ஆம் வகைச் செய்தியில் ஆன்டெனாவிலிருந்து நாலு பக்கமும் எத்தனை மீட்டர் என்று வரும். 400 மீட்டர் கப்பலில் ஆன்டெனா பின்னால் இருந்தால், அதற்கு முன்னால் 300 மீட்டர் இரும்பு இருக்கலாம். புள்ளியை விட்டுவிட்டுச் செவ்வகமாக வரையுங்கள். (அந்த அளவுகளையும் மனிதர்கள்தான் தட்டுகிறார்கள், கப்பல் நீருக்குள் மூழ்கியிருக்கும் ஆழத்தையும் சேர்த்து. கண்ணை மூடி நம்பாதீர்கள்.)

தூண்டில்முள்:
இரண்டாவது ரிசீவரில் வித்தியாசம் எல்லா வரியிலும் 41! திருத்தினேன், குறுக்கே வந்த கப்பல் சாதுவாகப் பின்னால் கடக்கிறது. இப்போது மிஞ்சிய சிவப்பு ஒரு திருப்பத்தில்தான் கூடுகிறது. கரையோரம் சுத்தமாக வெள்ளை, அங்கே ஆபத்தில்லை என்று எழுதிவிடலாமா?

நங்கூரச்சங்கிலி:
ஐயோ, வேண்டாம். சர்வதேசப் பயணத்தில் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் ஏஐஎஸ் வைத்தாக வேண்டும், சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி அது. சின்ன மீன்பிடிப் படகுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வைத்திருந்தாலும் அநேகமாக சின்னப் படகுகளுக்கான பி வகைக் கருவிதான். அதில் பழைய ரகம் 2 வாட்டில், ஓடும்போது 30 விநாடிக்கு ஒருமுறைதான் பேசும். பெரிய கப்பல்களின் ஏ வகை 12.5 வாட், 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறை. உங்கள் வெள்ளையில் நூறு படகு இருக்கலாம்.

தூண்டில்முள்:
நல்லவேளை கேட்டேன். கரையோரப் பட்டைக்குச் சாம்பல் கோடு போட்டு ‘இங்கே டேட்டா இல்லை’ என்று எழுதிவிட்டேன். நாளை அச்செடுத்துப் படகுக்காரர்களிடம் பேனாவோடு கொடுக்கிறேன், அவர்கள் வலை போடும் இடத்தை அவர்களே குறிக்கட்டும்.