பேன் பவுடர் மூன்று தடவை போட்டாயிற்று. கோழிகள் இன்னும் கூண்டுக்குள் அடைய மாட்டேன் என்கின்றன

வெள்ளைக்கொண்டை:
பதினோரு கோழிகள், பலகையில் அடித்த ஒரே கூண்டு. முன்பெல்லாம் பொழுது சாய்வதற்குள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போய்விடும். ஒரு மாதமாக வாசல் வரை வந்து, கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் வேலி மேல் ஏறிக்கொள்கின்றன. ஒவ்வொன்றாகப் பிடித்துத்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது. தினம் எட்டு முட்டை கிடைத்த இடத்தில் இப்போது மூன்று. கொண்டைகள் வெளுத்துவிட்டன. அடையில் இருந்த ஒரு கோழி முட்டைகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போய்விட்டது.

பேன்தான் என்று நினைத்து இறக்கைக்கு அடியிலும் வாலடியிலும் பவுடர் தேய்த்தேன். இறகைப் பிரித்துப் பார்த்தால் பகலில் ஒன்றுமே கண்ணில் படவில்லை. ஆனால் முட்டை எடுத்துவிட்டு வந்தால் எனக்கு முழங்கை வரை அரிப்பு! ஒரு கோழிக்கு மட்டும் கால் செதில்கள் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு பூசியது போல் தடித்திருக்கின்றன. எல்லாம் ஒன்றுதானா?

ராக்கண்:
கோழியை விடுங்கள், கூண்டைப் பாருங்கள். அதுவும் ராத்திரியில்.

பேனுக்கு ஆறு கால். கோழியின் மேலேயே பிறந்து அங்கேயே சாகும், அதனால் பகலிலும் அகப்படும். உங்கள் கூண்டில் இருப்பது சிவப்பு மைட் போலத் தெரிகிறது, உண்ணி இனத்தைச் சேர்ந்த ஒரு குட்டிப் பிராணி. வளர்ந்ததற்கு எட்டுக் கால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருக்காது. பசியாக இருக்கும்போது சாம்பல் நிறம், ரத்தம் குடித்த பிறகு சிவப்பு. இருட்டியதும் வெளியே வந்து கோழி மேல் ஏறிக் குடித்துவிட்டு, விடிவதற்குள் பலகை இடுக்குக்குத் திரும்பிவிடும். அப்புறம் பகலில் கோழிக்குப் போட்ட பவுடர் யாரைப் போய்ச் சேரும்?

நானும் ஒரு கூத்து அடித்தேன். கோழிகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, மைட் பட்டினியில் செத்துத் தொலையட்டும் என்று கூண்டை ஆறு வாரம் காலியாகப் போட்டேன். திரும்ப விட்ட நான்காம் நாளே பழைய கதை. குடிக்காமலே எட்டு மாதம் வரை தாக்குப்பிடிக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. வெயில் காலத்தில் முட்டையிலிருந்து வளர்ந்த மைட்டாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.

இன்று இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போங்கள். கோழிகள் உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

வெள்ளைக்கொண்டை:
போனேன். துணி முழுக்க ரத்தக் கோடு. கம்பைச் சுவரில் சொருகியிருக்கும் ஓட்டையில் சாம்பல் கொட்டியது போல ஏதோ இருந்தது. குச்சியால் கிண்டியதும் அந்தச் சாம்பல் நகர ஆரம்பித்தது. சத்தியமாக, கோழிகளிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. இத்தனை நாள் கையால் பிடித்து இதற்குள் தள்ளியது நான்தானே.

ராக்கண்:
அதேதான். கம்புகளை உருவி வெளியே எடுங்கள், முட்டைப் பெட்டியைக் கழற்றுங்கள், பழைய வைக்கோலை எரித்துவிடுங்கள். கோழிகளை வெளியே விட்டுவிட்டு இடுக்கு, ஆணி ஓட்டை, பலகை மூட்டு ஒன்று விடாமல் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். கம்பு முனைகளில் தாராளமாக. நன்றாகக் காய்ந்த பிறகு டயட்டமேசியஸ் மண் (பாசிப் படிவத்திலிருந்து எடுக்கும் மென்மையான பொடி) தூவலாம். அது மைட்டின் மேல்தோல் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும். ஈரம் பட்டால் பலிக்காது, தூவும்போது மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் முடியாது. தப்பிய முட்டைகள் பொரிந்து வரும், ஐந்தாறு நாளில் இன்னொரு முறை, அதன் பிறகும் ஒரு முறை.

மூன்றாம்கால்:
கால் செதில் விஷயம் வேறு. அந்த மைட் செதிலுக்கு அடியில் துளைத்துக்கொண்டு அங்கேயே குடும்பம் நடத்தும். இடுக்கில் ஒளிகிற வேலையெல்லாம் அதற்குக் கிடையாது. செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, வாசலின் கெட்டியாகப் பூசுங்கள். காற்று இல்லாமல் சாகும். சில நாளுக்கு ஒரு முறை, பல வாரம். பழைய செதில் விழுந்து புதிது முளைக்கும் வரை கால் அசிங்கமாகத்தான் இருக்கும். மற்ற கோழிகளின் கால்களையும் பாருங்கள், மெல்லப் பரவும்.

நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து மிச்சம் இருக்கிறதே என்று கோழிக்கு ஊற்றிவிட வேண்டாம். முட்டையில் இறங்கும். 2017இல் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான முட்டைகளைத் திரும்பப் பெற்றது இதே சிவப்பு மைட்டுக்குச் சட்டவிரோதமாக அடித்த ஃபிப்ரோனில் மருந்தால்தான். நாய் உண்ணி மருந்துகள் பலவற்றில் இருப்பதும் அதுதான். முயலுக்கும் அந்த மருந்து ஆகாது. எந்த மருந்தானாலும் முட்டையை எத்தனை நாள் ஒதுக்க வேண்டும் என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெள்ளைக்கொண்டை:
நல்லவேளை, அந்தப் பாட்டில் கையில்தான் இருந்தது. எங்கள் நாயும் காது ஓரத்தைச் சொறிந்துகொண்டே இருக்கிறது. கோழியிடமிருந்து வந்திருக்குமா?

மூன்றாம்கால்:
சிவப்பு மைட் நாயையும் கடிக்கும், உங்களைக் கடித்தது போல. ஆனால் அங்கே தங்காது. காது ஓரமும் முழங்கையும் முடி கொட்டிச் சொறி பிடித்தால் அது தோலுக்குள் துளைக்கிற வேறு மைட், மனிதருக்கும் கொஞ்ச நாள் அரிப்பைக் கொடுக்கும். காது மடலின் ஓரத்தை விரலால் தேய்த்தால் பின்னங்கால் தானாகச் சொறிய எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் சந்தேகம் வலுக்கும். மருத்துவர் தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்.

வெள்ளைக்கொண்டை:
நாய்க்குக் கால் எழும்பியது. நாளை மருத்துவரிடம் போகிறோம். கூண்டுக்கு இரண்டாவது முறை கொதிநீர் ஊற்றியாயிற்று. நேற்றுச் சாயங்காலம் ஐந்து கோழிகள் தாமாகவே உள்ளே போயின. மீதி ஆறும் வேலி மேல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.