சின்னப் பிள்ளைகளுக்கு அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றிச் சொல்லப்போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உண்டா?

கரையோரம்

ஆமைக்குஞ்சு கடலில் விடுறது எப்படின்னு இங்க எல்லாருக்கும் தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். எங்க குடியிருப்பு நூலகத்துல சனிக்கிழமை கதை நேரம் நடத்துறோம். 2025 மார்ச்ல 14 பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு கடற்கரைக்குப் போனோம். அந்த ஜனவரியில சென்னைக் கரையில பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கினது ஞாபகம் இருக்கும். அதுல சிலதை இந்தப் பிள்ளைங்களே பார்த்திருந்தாங்க. மீனவர்களின் அலட்சியத்தால இழுவலையில சிக்கி மூச்சு முட்டிச் சாகுதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். கூடவே எல்லாரும் சொல்ற அந்த வரியையும் சொன்னேன்: ஆயிரம் குஞ்சுல ஒண்ணுதான் பெரிய ஆமையாகும்.

ஆமை முட்டையை எடுத்து வெச்சுப் பொரிக்க வைக்கிற பொரிப்பகத்துலேருந்து, கடல்ல விட வேண்டிய குஞ்சுங்களோட கூடை வந்துச்சு. உள்ள எத்தனைன்னு ஒருத்தன் கேட்டான். 112-ன்னாங்க. நாங்கெல்லாம் மொபைலைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிக்கிறோம். மூணாவது படிக்கிற ஒரு பொண்ணு மட்டும் கூடைகிட்ட போய்க் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ரெண்டு கையாலயும் அதை மூடிக்கிட்டா.

"ஆன்ட்டி, ஆயிரத்துக்கு ஒண்ணுன்னா, இங்க 112 தானே இருக்கு. அப்போ இதுல ஒண்ணுகூட இல்லையா?"

"கணக்கு அப்படி இல்லடா"ன்னேன்.

"அப்புறம் எப்படி?"

கூடைக்குள்ள குஞ்சுங்க சுரண்டுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, சருகைக் கையில கசக்கினா வருமே, அது மாதிரி. அவ கையை எடுக்க ரொம்ப நேரம் ஆச்சு. நான் பதில் எதுவும் சொல்லல. நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?

பாய்மரம்

பதில் அப்புறம். முதல்ல அந்த "மீனவர்களின் அலட்சியம்". அதை எத்தனை பிள்ளைங்ககிட்ட சொன்னீங்க? 14. அதுல எங்க குப்பத்துப் பிள்ளை ஒண்ணாவது இருந்துச்சா?

எங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல சுற்றுச்சூழல் தினத்துக்கு நாடகம் போட்டாங்க. லுங்கி கட்டி, மையால மீசை வரைஞ்ச ஒரு பையன் வலை வீசுறான். அட்டையில செஞ்ச ஆமை அதுல மாட்டுது. உட்கார்ந்திருக்கிற பிள்ளைங்க மொத்தமும் "திருடன், திருடன்"னு கத்துது. எம் பொண்ணு ரெண்டாவது வரிசை. அவளும் சேர்ந்து கத்துறா, கத்திக்கிட்டே திரும்பி நான் எங்க உட்கார்ந்திருக்கேன்னு பார்த்தா. அந்தப் பார்வை போதுங்க எனக்கு.

ராத்திரி அவங்க அப்பா கடலுக்குப் போனப்புறம் கேட்டா, "அப்பாவும் ஆமையைக் கொல்லுவாரா?" எங்க வீட்டுக்காரர்து ஃபைபர் படகு. மீனோட செவுள் மாட்டிக்கிற செவுள் வலையிலயும் ஆமை விழும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். உயிரோட இருந்தா வலையை அறுத்து விடுவாரு. அறுத்த வலையை நானும் அவரும் ரெண்டு நாள் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுச் சரிபண்ணணும். இதை எந்த நாடகத்துலயாவது காட்டினாங்களா?

விசைப்படகு கரையிலேருந்து 5 கடல் மைலுக்குள்ள இழுவலை இழுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. ஆமை வெளியேற வலையில வைக்கிற டெட் கருவின்னு ஒண்ணும் இருக்கு. கரைக்குப் பக்கத்துல இழுக்கிறவனை யாரு கேட்கணுமோ அவங்க கேட்கட்டும். கதை நேரத்துல "மீனவர்"னு மொத்தமா ஒரு வார்த்தையில முடிச்சுடாதீங்க.

மஞ்சப்பை சார்

ஆமை விவகாரம் எனக்குத் தெரியாது. தேவாங்கு தெரியும். எங்க ஊரு திண்டுக்கல், கரூர் எல்லை, கடவூர் மலைக்குப் பக்கம். 2022-ல தேவாங்குக்குன்னே 11,806 ஹெக்டேர்ல சரணாலயம் அறிவிச்சாங்களே, அந்தப் பக்கம்தான்.

வெள்ளிக்கிழமை அஞ்சாம் வகுப்புல பாடம் எடுத்தேன். தேவாங்கைப் பார்த்தா சகுனம் சரியில்லைன்னு அடிக்கிறாங்க, மருந்துக்குன்னு பிடிக்கிறாங்க, அது பாட்டுக்கு ராத்திரி பூச்சி தின்னு நம்ம காட்டுக்கு நல்லதுதான் செய்யுதுன்னு சொன்னேன். "இதை நாமதான் பாதுகாக்கணும்"னப்போ ரெண்டு கையையும் நெஞ்சோட சேர்த்துக் காட்டினேன். அதுதான் தப்பு.

திங்கட்கிழமை காலையில ரெண்டு பசங்க ஒரு மஞ்சப்பையோட வாசல்ல நிக்கிறானுங்க. "சார், பாதுகாத்துட்டோம்."

பைக்குள்ள தேவாங்கு. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, பையோட காதை நாலு கையாலயும் பிடிச்சிருக்கு. கால்னு சொல்லவே முடியாது, எல்லாமே கைதான். ஒரு விரலைப் பிரிச்சு அடுத்ததுக்குப் போனா, முதல்ல பிரிச்ச விரல் திரும்பவும் பிடிச்சுக்குது. விட்டுட்டேன். பையோடயே அட்டைப்பெட்டியில வெச்சு, இருட்டா ஒரு துணி போட்டு, வனத்துறைக்குப் போன் பண்ணினேன். வந்தவரு நல்ல மனுஷன்தான், ஆனா பசங்களைப் பார்த்து, "இதைக் கையில வெச்சிருந்தா ஜெயில் தெரியுமாடா"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. அவருக்கு அது வேடிக்கை. சின்னவன் அழ ஆரம்பிச்சவன் சாயங்காலம் வரைக்கும் நிறுத்தல. அன்னிக்கு ராத்திரியே அவனுங்க எடுத்த அதே புளியமரத்துல கொண்டுபோய் விட்டாச்சு. அவனுங்களைத்தான் கூட்டிட்டுப் போகல. இப்ப யோசிச்சா, கூட்டிட்டுப் போயிருக்கணும்.

உயிரியல் டீச்சர் (ஓய்வு)

எல்லோருடைய பதிவையும் படித்தேன். எனக்கும் ஒன்று நடந்தது. ஆறாம் வகுப்பில் டோடோ பறவை அற்றுப்போனதைச் சொன்னபோது, "அது போனதால நமக்கு என்ன டீச்சர் ஆச்சு?" என்று ஒருவன் கேட்டான். அதட்டி உட்காரவைத்துவிட்டேன். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதுகிறவர்கள் அடிப்படையிலேயே ஒரு தவறு செய்கிறீர்கள். பத்து வயதுக்குள் சாவைக் காட்டக் கூடாது. டேவிட் சோபெல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் நான்காம் வகுப்புக்கு முன் சோகக் கதையே வேண்டாம் என்கிறார். முதலில் பிள்ளைக்கு அந்த உயிரின் மேல் ஆசை வரட்டும். ஆமை மணலைத் தோண்டுவதைச் சொல்லுங்கள், கண்ணீர் போல வழிவது உடம்பின் உப்பு என்று சொல்லுங்கள், கூட்டுக்குள் சூடு கூடினால் பெண்ணாகவும் குறைந்தால் ஆணாகவும் பொரிக்கும் என்பதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டு வாயைப் பிளக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. அழிவு, சட்டம், இழுவலை எல்லாம் ஏழாம் வகுப்புக்கு மேல் இருக்கட்டும். இரண்டாவது, எப்போதும் புலியையும் யானையையும் காட்டுவதை நிறுத்துங்கள். வரையாடு நம் மாநில விலங்கு. அதைப் படத்தில்கூட அடையாளம் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆனால் பாண்டா தெரியும். மூன்றாவது, பிள்ளைகளிடம் "நாம்தான் காப்பாற்ற வேண்டும்" என்று சொல்லாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளை எதைக் காப்பாற்றும்? பார்க்கச் சொல்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள், நோட்டில் வரையச் சொல்லுங்கள், போதும். நான்காவது, பெற்றோர் கூட்டத்திலேயே...

(நீளமாகிவிட்டது, மீதி நாளை.)

மஞ்சப்பை சார்

டீச்சரம்மா, தேவாங்கு வந்த அன்னிக்கு நான் என்ன செஞ்சிருக்கணும்னு நான் கேட்கல. நடந்ததைச் சொன்னேன். "பார்க்கச் சொல்லுங்க"ங்கிறீங்க. எங்க பசங்க பொறந்ததுலேருந்து அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கானுங்க. பார்க்காதது நான்தான்.

மாயாறு

ஏழாவதுக்கு மேல சட்டத்தைச் சொல்லலாம்னு டீச்சர் சொன்னாங்களே. நான் எட்டாவதுக்குத்தான் சொன்னேங்க.

பாறு பத்தின பாடம். சத்தியமங்கலத்துக்கும் முதுமலைக்கும் நடுவுல மாயாற்றுப் பள்ளத்தாக்குல மிச்சமிருக்கிற பிணந்தின்னிக் கழுகு. "கழுகு இல்லைங்க சார், எங்கப்பாரு பாறுன்னுதான் சொல்லுவாரு"ன்னு ஒரு பையன் திருத்தினான். எனக்குச் சந்தோஷம். அவங்க வீட்டுல பட்டி மாடு நிறைய. மாட்டுக்கு வலிக்குப் போடுற டைக்ளோஃபெனாக் ஊசி, அந்த மாடு செத்து அதைப் பாறு தின்னா அதோட சிறுநீரகம் போயிரும், உள்ளுறுப்பெல்லாம் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாப் படியும், அதனால 2006-லயே மாட்டுக்குப் போடத் தடை பண்ணிட்டாங்க, ஆனா மனுசனுக்கு விக்கிறதை வாங்கி மாட்டுக்குப் போட்டாங்க, அதைத் தடுக்கத்தான் 2015-ல பெரிய பாட்டிலை நிறுத்தி 3 மில்லி குப்பியா மட்டும் விக்கணும்னு கொண்டுவந்தாங்கன்னு எல்லாம் விளக்கமாச் சொன்னேன்.

மறுநாள் காலையில அந்தப் பையன் டிராயர் பையிலிருந்து எதையோ எடுத்து என் மேசையில வெக்கிறான். உடைச்ச கண்ணாடிக் குப்பி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு அஞ்சு. எல்லாம் 3 மில்லி. "இதுங்களா சார்?"

மாட்டுக்கு ஒரு தடவைக்கு 15 மில்லி வேணும்னா அஞ்சைச் சேர்த்து உடைச்சா போச்சு. சட்டம் போட்டவங்க கணக்கு எங்க நிக்குதுன்னு அந்த மேசையில பார்த்தேன்.

சாயங்காலம் அவங்கய்யன் வந்துட்டாரு. "மெடிக்கல்ல குடுத்ததைத்தானுங்க போட்டேன். மாடு எந்திரிக்கவே இல்ல. பாறு பொழைக்கோணும்னு எம்மாட்டைச் சாகவிடச் சொல்றீங்களா?" அதுக்குப் பதிலா மெலாக்சிகாம்னு ஒரு வலி மருந்து போடலாமுங்க, அது பாறுவுக்கு ஒண்ணும் பண்ணாதுன்னேன். "அது எந்தக் கடையில கிடைக்கும், நீங்க வாங்கிக் குடுங்க"ன்னாரு. அன்னிக்கு எங்க ஊர்ல ரெண்டு கடையிலயும் இல்ல. நானே போய்க் கேட்டேன்.

அடுத்த நாள்ல இருந்து பையன் கடைசி பெஞ்சுக்குப் போயிட்டான். கையைத் தூக்கறதே இல்ல. வீட்டுல அடி விழுந்துச்சான்னு கேட்கவும் எனக்கு வாய் வரல.

செங்கல்பட்டு அப்பா

சின்னதா ஒண்ணு, இதுவும் பாறு பத்தினதுதான். எங்க அப்பா என் பையனைத் திருக்கழுக்குன்றத்துக்குக் கூட்டிட்டுப் போனார். உச்சி வேளைக்கு ரெண்டு கழுகு வந்து குருக்கள் கையால சர்க்கரைப் பொங்கல் சாப்பிடும்னு வழியெல்லாம் சொல்லிட்டே வந்தார். அது வர்றது 1990-கள்லயே நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாம இருக்காது. ஆனா அந்தப் பாறைகிட்ட வெயில்ல உட்கார்ந்து, "வரும்டா, கொஞ்சம் இரு"ன்னு ஒரு மணி நேரம். பையன் "அதுக்குப் பேரு என்ன தாத்தா"ன்னான். "மஞ்சள் திருடி." முகம் மஞ்சளா இருக்கும், அதனால அந்தப் பேரு. "எதைத் திருடிச்சு?"ன்னு கேட்டுட்டு இறங்கி வர்ற வரைக்கும் சிரிச்சான். அப்பா சிரிக்கல.

பாய்மரம்

மாயாறு சார் சொன்னதைத்தான் நானும் சொல்றேன். பிள்ளைகிட்ட சொன்னது நேரா வீட்டுக்கு வருது. வீட்டுல அப்பன் மேல போய் விழுது. அந்தப் பையன்கிட்ட பேசுங்க சார். அடிச்சாங்களான்னு கேட்காதீங்க, மாடு எப்படி இருக்குன்னு கேளுங்க.

கரையோரம்

பாய்மரம், "அலட்சியம்"ங்கிற வார்த்தையை நான் எங்கேயோ செய்தியில படிச்சு அப்படியே சொல்லியிருக்கேன். போன சனிக்கிழமை பிள்ளைங்ககிட்ட திருத்திச் சொன்னேன். அறுத்த வலையை ரெண்டு நாள் முடியணும்ங்கிறதையும் சொன்னேன், யாருன்னு சொல்லல. ஒரு பையன் உடனே, "அப்போ வலைக்கு யாரு காசு குடுப்பாங்க?"ன்னான். அதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

கூடையை மூடின அந்தப் பொண்ணைப் பத்தியும் சொல்லணும். அவளா ஒரு வழி கண்டுபிடிச்சுட்டா. 112-ஐ ஒன்பது தடவை கூட்டினா 1008 வருதாம். அதனால ஒன்பது கூடை சேர்ந்தா ஒரு ஆமை நிச்சயம்னு முடிவு பண்ணிட்டா. எல்லாக் கூட்டுலயும் 112 இருக்காதுன்னு சொல்லிப் பார்த்தேன், கேட்கிற மாதிரி இல்ல. இப்பல்லாம் பொரிப்பகம் பக்கம் போனா அங்க தொங்குற பலகையில இதுவரைக்கும் எத்தனை குஞ்சு விட்டாங்கன்னு பார்த்துட்டு வந்து, அதை 112-ஆல வகுக்கச் சொல்லி அவங்க அப்பாவைப் பிடிச்சு உட்கார வெச்சிருக்கா.

உயிரியல் டீச்சர் (ஓய்வு)

மூன்றிலக்க எண்ணால் வகுப்பதெல்லாம் மூன்றாம் வகுப்புக்கு அதிகம். அப்பாவே போட்டுக் கொடுக்கட்டும்.