உதவிப் பயிற்றுவிப்பாளர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? நேரில் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்

கொட்டகலை

எங்கள் தேயிலைத் தோட்டத்து உதைபந்தாட்ட டீமுக்கு ஒரு கோச் தேடிக்கொண்டிருக்கிறோம். யார் பெயரைச் சொன்னாலும் கமிட்டியில் எழும் முதல் கேள்வி, "எந்த கிளப்புக்கு விளையாடியவர்?" என்பதுதான். கண்டியோ கொழும்போ, ஏதாவது ஒரு கிளப் பெயர் வந்தால் சரி. வராவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்தது. எனக்கு இந்தக் கேள்வியில் நம்பிக்கை போய்விட்டது. அதற்குக் காரணம் என் வேனில் வந்த ஒரு வெள்ளைக்காரர்.

நான் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறவன். ஹட்டனில் இருந்து தலவாக்கலை போகிற வழியில் சென் கிளேயர் அருவியைப் பார்க்க எல்லோரும் இறங்குவார்கள். இவரும் இறங்கினார், ஆனால் அருவிப் பக்கம் திரும்பவே இல்லை. கீழே லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அதையே பார்த்துக்கொண்டு நின்றவர், கொஞ்ச நேரம் கழித்து, "அந்த இடது பக்கப் பையன் ஒவ்வொரு முறையும் சரியான இடத்துக்கு ஓடுகிறான், ஒருவனும் அவனுக்குப் பந்து கொடுப்பதில்லை" என்றார். நான் அந்தப் பையனைக் கவனித்திருக்கவே இல்லை.

ஐரோப்பாவில் இரண்டாம் பிரிவு அணி ஒன்றில் உதவிப் பயிற்றுவிப்பாளராம். நானும் நம் ஊர்க் கேள்வியைத்தான் கேட்டேன். எந்த கிளப்புக்கும் விளையாடியதில்லை என்று சிரித்தார். பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படித்து, பள்ளியில் வாத்தியாராக இருந்து, ஒரு கிளப்பின் சிறுவர் அணிக்கு வீடியோ வெட்டிக் கொடுக்கும் வேலைக்குப் போயிருக்கிறார். அங்கிருந்து படிப்படியாக மேலே வந்தவர். எதிரணி கடைசியாக ஆடிய ஆட்டங்களை எடுத்து, கோர்னர் கிக்குகளை மட்டும் திரும்பத் திரும்பப் பார்ப்பதுதான் இப்போது அவருடைய முக்கிய வேலை. ஆட்டம் நடக்கும்போது மைதானத்து ஓரத்தில் இருக்கமாட்டாராம். மேலே பார்வையாளர் பக்கம் லெப்டொப்போடு உட்கார்ந்து, கீழே இருப்பவர்களுக்குக் காதில் மாட்டிய கருவி வழியாகச் சொல்வாராம்.

அதற்கு அப்புறம் இவர்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இங்கிலாந்தின் லிவர்பூல் அணியில் தலைமைப் பயிற்றுவிப்பாளர் குளொப்புக்குப் பக்கத்தில் நின்ற பெப் லைண்டர்ஸ், சின்ன வயதிலேயே முழங்கால் காயத்தால் விளையாட்டை விட்டவர். நெதர்லாந்தின் பி.எஸ்.வி. சிறுவர் அணிகள், பிறகு போர்த்துக்கலின் போர்ட்டோ சிறுவர் அணிகள் என்று பல வருஷம் இருந்துவிட்டு, 2014 இல் லிவர்பூலுக்கும் சிறுவர் அணிக்குத்தான் போனார். அதே அணியில் இன்னொரு உதவியாளர் பீட்டர் கிராவியட்ஸ். ஜெர்மனியின் மைன்ஸ் கிளப்பில் வீடியோ பார்த்து ஆட்டங்களை அலசியவர். குளொப் அவரை அணியின் கண் என்றே சொல்வார். பெயர்பெற்ற தலைமைப் பயிற்றுவிப்பாளர் மொரீன்யோவோடு கிளப் கிளப்பாகப் போன ருய் ஃபாரியாவும் தொழில்முறையில் விளையாடாத உடற்கல்விப் பட்டதாரி. ஏன், மொரீன்யோவே பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியராக இருந்து, 1992 இல் ஸ்போர்ட்டிங் கிளப்பில் பயிற்றுவிப்பாளர் பொபி ரொப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தவர்தானே.

தோட்டத்துக்காரர்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், இவர்களில் சின்னத்துரை (துரைக்கு உதவியான தோட்ட அதிகாரி) வகையும் உண்டு, கணக்கப்பிள்ளை (மலையில் வேலையை மேற்பார்க்கிறவர்) வகையும் உண்டு. சின்னத்துரை நாலைந்து வருஷத்தில் பெரியதுரை ஆகத்தான் வந்திருக்கிறார். ஆர்தெட்டா அப்படி: 2016 இல் விளையாட்டை விட்டு, மென்செஸ்டர் சிட்டியில் குவார்டியோலாவுக்கு உதவியாளராக இருந்து, 2019 டிசம்பரில் ஆர்சனலுக்குத் தலைமை ஏற்றார். கணக்கப்பிள்ளை அங்கேயேதான் இருப்பார், ஆனால் எந்த மலையில் எத்தனை கொழுந்து வரும் என்று அவருக்குத்தான் தெரியும். கிராவியட்ஸ் அந்த வகை. மைன்ஸில் இருந்து டோர்ட்மண்ட், லிவர்பூல் என்று குளொப் போன இடமெல்லாம் உதவியாளராகவே போனவர்.

உங்களில் யாராவது இப்படிப்பட்டவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

மஸ்கெலியா

அண்ணே, பாதிதான் ஒத்துக்கொள்வேன். 2022 உலகக் கிண்ணத்தை வென்ற ஆர்ஜென்டினாவின் உதவியாளர்களைப் பாருங்கள்: பாப்லோ அய்மார், வால்டர் சாமுவேல், ரொபேர்ட்டோ அயாலா. மூன்று பேரும் நாட்டுக்கு ஆடிய பெரிய ஆட்டக்காரர்கள். அவர்களின் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஸ்கலோனியே 2018 இல் அப்போதைய தலைமைப் பயிற்றுவிப்பாளர் சம்பவோலிக்கு உதவியாளராக இருந்தவர். ஜெர்மனிக்கு 2014 இல் தலைமைப் பயிற்றுவிப்பாளர் லோவின் பக்கத்தில் நின்ற ஹன்ஸி ஃபிளிக், பயர்ன் மியூனிக்கில் ஆடியவர். மெஸ்ஸிக்கு முன்னால் வீடியோ வெட்டுகிறவர் போய் நின்று பேசினால் எடுபடுமா? அய்மார் மெஸ்ஸி சின்ன வயதில் பார்த்து ரசித்த ஆட்டக்காரர். அவர் சொல்லுக்கு ஒரு எடை இருக்கிறது.

நான் தோஹாவில் ஒரு கிளப்பின் பயிற்சி மைதானத்தில் சாமான் அறையில் வேலை பார்த்தேன். கிளப் பெயர் வேண்டாம். அங்கே இருந்த உதவிப் பயிற்றுவிப்பாளர்களில் ஒருவர் தன் நாட்டு அணிக்கு ஆடியவர். வீரர்கள் வருவதற்கு வெகு நேரம் முன்பே வந்து, கூம்புகளைத் தானே வைப்பார். நாங்கள் வைத்தால் ஒரு எட்டுத் தள்ளி மாற்றி வைப்பார், எங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஒருநாள் அணிப் பட்டியலில் பெயர் வராத இளம் வீரன் ஒருவன் சாமான் அறைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டான். தலைமைப் பயிற்றுவிப்பாளர் அவனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவர் பார்க்கவும் முடியாது, பட்டியல் போட்டவரே அவர். இந்த மனிதர் வந்து, தான் ஒரு பருவம் முழுக்க மாற்று ஆட்டக்காரராக உட்கார்ந்த கதையைச் சொன்னார். பையன் எழுந்து பயிற்சிக்குப் போனான். உட்கார்ந்து பார்த்தவன் சொல்வதால்தான் அது எடுபட்டது என்பேன்.

பொகவந்தலாவை

நான் யாரையும் சந்தித்ததில்லை, ஆனால் ஒருவரைக் கூட்டிவர முடியும் என்றால் தோமஸ் குரோனமார்க்கைக் கூட்டிவருவேன். டென்மார்க்காரர், த்ரோ இன் (கோட்டுக்கு வெளியே போன பந்தைக் கையால் உள்ளே எறிவது) எறிய மட்டும் பயிற்சி கொடுப்பவர். குறுந்தூர ஓட்டக்காரராக இருந்து, டென்மார்க்கின் பனிச்சறுக்கு வண்டி அணியில் வண்டி தள்ளியவர். 2010 இல் 51.33 மீட்டர் எறிந்து உலக சாதனை வைத்தார். 2018 இல் லிவர்பூல் அவரைக் கூப்பிட்டபோது டிவியில் பலர் சிரித்தார்கள்.

எங்களுக்குச் சிரிப்பு வராது. எங்கள் தோட்டத்து மைதானத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் சரிவு. பந்து வெளியே போனால் தேயிலைக்குள் இறங்கி உருண்டு போகும். எடுத்து வர ஒரு பையனை நிறுத்தி வைத்திருக்கிறோம். மைதானமும் ஒடுக்கம், பாதி ஆட்டம் த்ரோ இன்தான். ஆனால் எங்கள் பையன்கள் என்ன செய்கிறார்கள்? முன்னால் நிற்கிறவன் தலைக்குக் கண்ணை மூடிக்கொண்டு எறிகிறார்கள். பந்து எதிரணிக்குப் போகிறது. குரோனமார்க் செய்ததெல்லாம் தூரமாக எறியச் சொல்லிக் கொடுத்தது மட்டும் இல்லை, எறிகிறவனுக்காக மற்றவர்கள் இடம் விட்டு ஓடச் சொல்லிக் கொடுத்ததும்தான். இதைப் போனில் பார்த்துவிட்டு எங்கள் டீமில் இரண்டு பேரை எதிரெதிர்த் திசையில் ஓட வைத்தோம். வேலை செய்கிறது. மழை நாளில் பந்து வழுக்குவதால் செய்வதில்லை, அது வேறு.

பண்டாரவளை

தம்பிமாரே, நான் பாடசாலையில் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிக்கிறேன், பெண் பிள்ளைகள் டீமையும் பார்க்கிறேன். ஆட்டக்காரரா, வாத்தியாரா என்று நீங்கள் பேசுகிறீர்கள். நடுவில் பயிற்றுவிப்பாளர் லைசென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் சொல்லவில்லை.

ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் லைசென்ஸ் படிகள் டி, சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட அமைப்பான பிஃபா இலங்கையைத் தடை செய்து ஆகஸ்டில்தான் நீக்கியது. அந்த மாதங்களில் பிஃபா, ஆசியக் கூட்டமைப்புப் பாடநெறிகளின் பயன் நம் நாட்டுக்குக் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நான் டி செய்தேன். எங்கள் வகுப்பில் ராணுவத்தார் இருந்தார், வங்கியில் வேலை செய்கிறவர் இருந்தார், தேசிய அணிக்கு ஆடிய ஒருவரும் இருந்தார். பெண்கள் என்னோடு இன்னொருவர். பாடம் சிங்களத்தில் நடந்தது. பக்கத்தில் இருந்த களுத்துறைத் தம்பி ஒருவர் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார், அவருக்குப் புண்ணியம்.

கடைசியில் எல்லோரும் சிறுவர்களை வைத்து ஒரு பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். தேசிய அணி ஆட்டக்காரர் பந்தைக் காலில் வைத்து அற்புதம் காட்டினார், பிள்ளைகள் வட்டமாக நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள், அவர்கள் காலுக்குப் பந்து வரவே இல்லை. ஆனால் மற்றவர்கள் நடத்தும்போது பிழை பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தடுக்கிற பிள்ளை எந்தக் காலை முன்வைக்கிறது என்று தூரத்தில் இருந்தே சொல்வார். வங்கிக்காரர் ஒரு கொப்பியில் எல்லாப் பிள்ளையின் பெயரையும் எழுதிவைத்துப் பேர் சொல்லிக் கூப்பிட்டார், அவருடைய பயிற்சிதான் நன்றாக ஓடியது. இரண்டு பேரும் ஒரே டீமில் இருந்தால் நல்லது. ஒரு அணிக்கு ஏன் பல உதவியாளர்கள் தேவை என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கியது.

கொட்டகலை

டீச்சர் சொன்னதை எங்கள் கமிட்டியில் அப்படியே வாசித்துக் காட்டினேன். மஸ்கெலியா தம்பி சொன்னதும் சரிதான், பெரிய அணிகளுக்கு அது பொருந்தும். ஆனால் நம் அணிகளில் மெஸ்ஸி இல்லை. மலைநாட்டில் இருந்து 2021 இலங்கை சூப்பர் லீக் வரை போன நாவலப்பிட்டி அப்கண்ட்ரி லயன்ஸ் மாதிரி ஒன்றிரண்டைத் தவிர, மற்றதெல்லாம் வேலை முடிந்து வந்து ஆடுகிற பையன்கள்.

இந்தியாவில் மிசோரம் மலையில் இருக்கும் ஐசோல் எஃப்.சி. 2017 இல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை வென்றபோது பயிற்றுவித்தவர் காலித் ஜமீல். அதற்குப் பிறகு அவர் நோர்த் ஈஸ்ட் யுனைட்டெட்டில் உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்தார். தலைமைப் பயிற்றுவிப்பாளர் பாதியில் நீக்கப்பட்டபோது அணியை ஏற்று அரையிறுதி வரை கொண்டுபோனார். சாம்பியன் பட்டம் வென்றவர் உதவியாளராக நிற்கக் கூச்சப்படவில்லை. 2025 இல் இந்திய அணிக்கே தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். இதையும் சொன்னேன். தலைவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இப்போது முடிவு இப்படி: கண்டியில் ஆடிய ஒரு அண்ணன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாட்களில் எங்கள் பாடசாலையின் உடற்கல்வி சேர் பார்த்துக்கொள்வார். ஆட்டங்களை என் போனில் பிடிக்க ஒரு தம்பி இருக்கிறான். ஓ/எல் (சாதாரண தரப் பரீட்சை) முடித்துவிட்டு வீட்டில் இருப்பவன், பந்து ஆட வராது, ஆனால் எந்த ஆட்டத்தில் யார் எங்கே பந்தை விட்டார்கள் என்பதை மனப்பாடமாகச் சொல்வான். அவனை டி பாடநெறிக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். டீச்சர், அடுத்த தடவை விண்ணப்பம் கோரும்போது இங்கே ஒரு வரி போட்டுவிடுங்கள். வயது எல்லை, கட்டணம், தமிழில் சொல்லித்தர ஆள் இருக்கிறாரா, இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.