அபே ரோடு மெட்லி: ஒரு சந்தேகம்

ராக் இசை கேட்பவர்கள் உதவுங்கள். பீட்டில்ஸ் குழுவின் 'அபே ரோடு' (1969) ஆல்பத்தில், இசைத்தட்டின் இரண்டாம் பக்கத்துப் பாடல் தொடரை மெட்லி (பல பாடல்களை இடைவிடாமல் கோர்த்த தொகுப்பு) என்கிறார்கள். எனக்கும் அது மெட்லிதான். அதில் வரும் 'கோல்டன் ஸ்லம்பர்ஸ்', 'கேரி தட் வெயிட்' இரண்டையும் ஒரே பாட்டாக வாசித்தே பதிவு செய்தார்கள். அதைவிட முக்கியம், 'யூ நெவர் கிவ் மீ யுவர் மனி'யின் மெட்டு 'கேரி தட் வெயிட்'டுக்குள் புது வரிகளோடு திரும்பி வருவது. ஒவ்வொரு முறையும் சிலிர்க்கும்!

சரி, பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பம்? அதிலும் பாடல்கள் ஒன்றோடொன்று கலந்து ஓடுகின்றன, 'டைம்' முடிவில் 'பிரீத்' மறுபடி வருகிறது. ஆனால் அதை மெட்லி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஏன்? பாடல்கள் சின்னத் துண்டுகளாக இருந்தால்தான் மெட்லியா? சுருதியும் தாளமும் மாறுகிற இடத்தில் ஏதாவது கணக்கு உண்டா? இசை தெரிந்தவர்கள் உதாரணத்தோடு விளக்குங்களேன்.