வில்டர்னெஸ் – தமிழில் என்ன சொல்வது? (திங்கள் காலைக்குள் வேண்டும்)

தாராபுரம், வியாழன் இரவு

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழியில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்காக, அமெரிக்கச் சுற்றுச்சூழல் வரலாறு பற்றிய ஒரு பாடத்தை மொழிபெயர்க்கிறேன். பக்கத்துக்கு இரண்டு தடவையாவது 'வில்டர்னெஸ்' (மனிதர் மாற்றியமைக்காத இயற்கை நிலம் என்று அவர்கள் சொல்வது) வருகிறது. முதலில் 'காடு' என்று போட்டு, வகுப்பில் வாசித்துப் பார்த்தேன்: "1964இல் அமெரிக்க அரசு 91 லட்சம் ஏக்கர் காட்டைச் சட்டம் போட்டுப் பாதுகாத்தது." கடைசி வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "அத்தனையும் மானாவாரியா மேடம்?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். எங்கள் பக்கம் கிணறு இருந்தால் தோட்டம், இல்லாவிட்டால் காடு. அப்பா காட்டுக்குப் போயிருக்கிறார் என்றால் சோளத்தட்டு அறுக்கப் போயிருக்கிறார்.

தவிர, அந்தச் சட்டத்தில் மரமே இல்லாத பாலைவனமும் வரும், சதுப்பும் வரும், அலாஸ்காவின் பனியாறும் வரும். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு சொல் வேண்டும்.

பாளையங்கோட்டை, வெள்ளி காலை

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது: வன்புலம். குறிஞ்சியும் முல்லையும் வன்புலம், மருதமும் நெய்தலும் மென்புலம் என்று பிரித்துப் பார்த்தவர்கள் நம் முன்னோர். ஏர் எளிதில் இறங்காத நிலம். காடா, மலையா என்ற கேள்விக்கே இடமில்லை. 'காடு கொன்று நாடாக்கி' என்று பட்டினப்பாலை கரிகாலனைப் புகழ்கிறதே, அந்த வரியைப் பாடத்துக்கு முகப்பாக வைக்கலாம். காட்டைக் கொன்றதைப் பெருமையாகப் பாடிய காலம் ஒன்று எல்லா நாட்டுக்கும் உண்டு என்று பிள்ளைகளுக்குப் புரியும்.

வல் என்ற வேரிலிருந்துதான் வன்மை, வன்னி எல்லாம் வந்தன. வனமும் அப்படி வந்ததே என்று 30 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். கேட்பவர்தான் இல்லை.

வவுனியா, வெள்ளி மதியம்

ஐயா, வன்னியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். அந்த வேரை நானும் விரும்புவேன், ஆனால் நிறுவ ஏலாது.

சகோதரி, வேதாகமத்தைத் திறந்து பாருங்கோ. வில்டர்னெஸ் வருகிற இடமெல்லாம் வனாந்தரம். 'வனாந்தரத்திலே கூப்பிடுகிறவனுடைய சத்தம்' என்பதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர் நம்மிடையே! இஸ்ரவேலர் நாற்பது வருஷம் அலைந்தது மரமடர்ந்த காட்டில் இல்லை, வறண்ட வெளியில். ஆகவே பாலைவனத்துக்கும் அந்தச் சொல் பொருந்தும். இன்னொன்று, அமெரிக்கர்களுக்கும் இந்தச் சொல் அங்கிருந்துதான் ஊறியது. 1620இல் மேபிளவர் கப்பலில் போய் இறங்கிய வில்லியம் பிராட்ஃபோர்டு, அந்தக் கரையைக் கொடிய பாழான வில்டர்னெஸ் என்றே எழுதினார். அப்போது அது திட்டுகிற சொல். 19ஆம் நூற்றாண்டில் ஜான் மியூர் போன்ற இயற்கை எழுத்தாளர்கள் அதையே கோயிலாக்கினார்கள். திட்டியதற்கும் தொழுததற்கும் ஒரே சொல் நின்று பிடிக்க வேண்டும். வனாந்தரம் பிடிக்கும்.

பாளையங்கோட்டை, வெள்ளி மாலை

வனமும் வடமொழி, அந்தரமும் வடமொழி. தேசாந்தரம் என்றால் வேறு தேசம். அப்படியானால் வனாந்தரம் வேறு வனமா, வனத்தின் உள்ளா? தமிழில் அந்தரம் என்றால் ஆகாயம் வேறு. மயங்க வைக்கும் சொல் கலைச்சொல் ஆகாது. விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பிலேயே அதை மாற்றிப் 'பாலைநிலம்' என்று போட்டுவிட்டார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. பாலை தனி நிலமே இல்லையே. முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்து கொள்ளும் படிவம் என்றல்லவா இளங்கோ சொல்கிறார்?

வவுனியா, வெள்ளி இரவு

எங்கட பக்கம் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம். ஐயா அந்தரப்படாமல் யோசிக்கட்டும். இங்கே திணைக்களத்தின் பெயரே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம். வடமொழி என்று யாரும் வாசிக்காமல் விடவில்லை.

சென்னை, சனி காலை

வில்டர்னெஸ் என்றே எழுதிவிட்டு ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதாதா? பஸ், பேங்க் எல்லாம் அப்படித்தானே வந்தன?

தாராபுரம், சனி காலை

பஸ் கண் முன்னால் வந்து நிற்கிறது தம்பி. இது அப்படி வந்து நிற்கிற பொருள் இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு பிடி வேண்டும்.

இன்னொரு சிக்கல். சட்டத்தின் வரையறையை எழுதியவர் ஹோவர்ட் ஜானைசர். பல வருடம் வரைவுக்கு மேல் வரைவாக எழுதி, சட்டம் கையெழுத்தாவதற்குச் சில மாதம் முன்பு இறந்துபோனார். அவர் வைத்த சொல் 'அன்ட்ரமல்டு'. 'கைபடாத' என்று போட்டிருந்தேன், அது தவறு. ஏற்கெனவே மரம் வெட்டிய, ஆடுமாடு மேய்ந்த நிலமும் உள்ளே வர வேண்டும் என்பதற்காகத்தான், பழுதுபடாத என்ற பொருளில் வரும் சொல்லைத் தவிர்த்து இதைத் தேர்ந்தார். இனிமேல் மனிதர் கட்டிப்போடாத நிலம் என்பது கருத்து. 'தளையற்ற' சரியா?

பாம்பன், சனி மதியம்

அக்கா, ட்ரமல் என்பது வலை. எங்கள் கடற்கரையில் டிஸ்கோ வலை என்று சொல்வோமே, அதேதான். மூன்று அடுக்கு. வெளியில் இரண்டு பக்கமும் பெரிய கண், நடுவில் சிறுகண் வலை தொளதொளவென்று தொங்கும். இறால் முட்டும்போது நடுவலை பெரிய கண்ணுக்குள் பை மாதிரி பிதுங்கி அதைச் சுற்றிக்கொள்ளும். எவ்வளவு துள்ளுதோ அவ்வளவு சிக்கும். என் அப்பா இறாலைக் கழற்றும்போது இழுக்க மாட்டார், வலையைத் தளர்த்துவார். அதனால் தளையைவிடச் 'சிக்குண்ணாத' என்பது நெருக்கம் என்று எனக்குப் படுகிறது.

பாளையங்கோட்டை, சனி மாலை

அருமையான செய்தி, தம்பி. ஆனாலும் தளையை விடாதீர்கள். யாப்பில் தளை இல்லையேல் பா இல்லை. சீரையும் சீரையும் கட்டுவது தளை. வெண்டளை பிறழாமல் எழுதியவனுக்குத்தான் கட்டு என்ன, விடுதலை என்ன என்று தெரியும். (வெண்டளை, ஆசிரியத்தளை பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.) 'தளைபடா வன்புலம்.' சொல்லிப் பாருங்கள்.

கூடலூர், சனி இரவு

பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாளாக நிலத்துக்குப் பெயர் தேடுகிறோம். அங்கே இருந்த ஆட்களைப் பற்றி ஒரு மடலிலும் பேச்சில்லை.

கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அவானீச்சி என்ற பழங்குடி மக்கள் கருவாலி மரத்தடியில் நெருப்பு வைத்துப் புல்வெளியைத் திறப்பாக வைத்திருந்தார்கள். அந்த மரத்தின் கொட்டைதான் அவர்களுக்குச் சோறு. 1851இல் மரிப்போசா படை என்ற வெள்ளையர் தன்னார்வப் படை உள்ளே போய், சேர்த்து வைத்த உணவை எரித்து விரட்டியது. 13 வருடம் கழித்து, 1864இல், லிங்கன் அதைப் பொதுமக்கள் ரசிப்பதற்காக ஒதுக்கிக் கையெழுத்திட்டார். இயற்கையாகவே பூங்கா போல இருக்கிறது என்று வந்தவர்கள் வியந்தது அந்த மக்களின் வேலையைப் பார்த்து. நெருப்பு நின்ற பிறகு ஊசியிலை மரங்கள் புல்வெளிக்குள் ஏறிவிட்டன.

எங்கள் பக்கம் காட்டுநாயக்கர் இருக்கிறார்கள். பெயரிலேயே காடு. தேன் எடுக்கப் போகிறவர் பாறையையும் மரத்தையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். அவர் வீட்டுப் பிள்ளைக்கு 'பாரஸ்ட்' என்றால் மரம் இல்லை, ஜீப். "பாரஸ்ட் வருது" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விடும். முதுமலை 2007இல் புலிகள் காப்பகமானபோது 'உள்ளே இருப்பவர்', 'வெளியே போக வேண்டியவர்' என்ற பேச்சு எப்படிப் பரவியது என்று பார்த்தவன் நான். என் பரிந்துரை: ஆளகற்றிய நிலம்.

தாராபுரம், ஞாயிறு காலை

தம்பி, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். நீங்கள் சொல்வதுதான் பாடத்தின் இரண்டாம் பாதி. ஆளில்லா இயற்கை என்பதே மனிதர் கட்டிய எண்ணம் என்று 1995இல் அமெரிக்க வரலாற்றாசிரியர் வில்லியம் குரோனன் எழுதியதும், அமெரிக்க மாதிரியை ஏழை நாடுகளுக்கு ஏற்றுமதி செய்தால் ஏழைகள் தலையில்தான் விடியும் என்று 1989இலேயே நம் நாட்டு வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா எழுதியதும் அதில் வருகின்றன. ஆனால் முதல் பாதியில் ஜான் மியூர் பேசுகிறார். அவர் வாயில் 'ஆளகற்றிய நிலம்' என்று நான் வைக்க முடியாது. அவர் அங்கே ஆள் அகன்றதைக் காணவே இல்லை. தீர்ப்பை முதல் வரியிலேயே சொல்லிவிட்டால் பிள்ளைகள் கண்டுபிடிக்க என்ன மிச்சம்?

அதனால் கருத்துக்கு வனாந்தரம். சட்டப் பிரிவுக்கு 'தளைபடா நிலம்'. 'ஆளகற்றிய நிலம்' யோசெமிட்டி பகுதிக்குத் தலைப்பாகப் போகிறது. வன்புலத்துக்கு இரண்டு கை, வனாந்தரத்துக்கு ஐந்து கை என்று எண்ணிக்கொண்டேன். இனி ஓடாது, நாளை காலை கொடுத்தாக வேண்டும்.

பாளையங்கோட்டை, ஞாயிறு மதியம்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். என் நூலில் வன்புலம் என்றே இருக்கும்.

கூடலூர், ஞாயிறு இரவு

தலைப்புக்கு நன்றி அக்கா. மனம் முழுதாக ஒப்பவில்லை. வனாந்தரம் என்று வாசிக்கும்போது எனக்கே யாரும் இல்லாத இடம்தான் தெரிகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். அதே வரையறையில் மனிதன் அங்கே 'விசிட்டர்', தங்காதவன் என்று வருகிறதே, அதற்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? 'விருந்தினர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். விருந்தினர் என்றால் கூப்பிட அங்கே ஒரு வீடு இருக்க வேண்டும்.

தாராபுரம், ஞாயிறு இரவு 11 மணி

விருந்தினர் என்றுதான் இருக்கிறது. 'வந்துபோகிறவர்' என்று மாற்றுகிறேன். இதைவிடச் சரியான சொல் யாரிடமாவது இருந்தால் காலை 8 மணிக்குள் எழுதுங்கள்.