புதுப்பிப்பு: காலையில் ஸ்டார்ட் ஆகாத பழைய டிராக்டர், காரணம் கிடைத்தது

கொடைக்கானல் மலையில், மன்னவனூரில் எங்கள் பழைய டீசல் டிராக்டர் காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்துகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். செல்ஃப் (இஞ்சினைச் சுற்றிவிடும் மோட்டார்) நன்றாகச் சுற்றும், ஆனால் இஞ்சின் பிடிக்காது. பேட்டரி என்றும் நாசில் (இஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) என்றும் பலர் சொன்னீர்கள்.

இரண்டும் இல்லை. டீசல் லைனில் காற்று.

பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட், செல்ஃப் அடிக்கும்போதும் 10-க்குக் கீழே இறங்கவில்லை. வழி காட்டியது சைலன்சர்தான். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். இதில் புகையே இல்லை. சரி, டீசலே போய்ச் சேரவில்லை. டீசல் ஃபில்டர் மேலிருக்கும், காற்றை வெளியே விடும் போல்ட்டைத் தளர்த்தி, டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்பைக் கையால் அடித்தேன். நுரை நுரையாக வந்தது, நிற்கவே இல்லை. டேங்கிலிருந்து வரும் பைப் பம்பில் சேரும் இடத்தில் செப்பு வாஷர் தேய்ந்திருந்தது. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை. எங்கள் வண்டியில் டேங்க் பம்பைவிடத் தாழ்வு. அதனால் அந்த இடம் காற்றை உறிஞ்சும், ராத்திரியில் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். டேங்க் மேலே இருக்கும் வண்டியானால் அதே இடத்தில் ஈரம் தெரியும்.

புது வாஷர் போட்டு, குமிழி நிற்கும்வரை காற்று எடுத்தேன். இப்போது உறைபனி விழுந்த காலையிலும் உடனே பிடிக்கிறது.

அப்புறம், இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் செய்யச் சொன்ன அண்ணன்களே, எங்கள் மலையில் அது வேண்டவே வேண்டாம். இஞ்சின் பிடிக்காமல் வண்டி ஓடினால் அடுத்த அடுக்கு நிலம் ஓர் ஆள் உயரம் கீழே இருக்கிறது.

டீசல் ஹோஸிலும் வெடிப்பு தெரிகிறது. பூண்டு நடவுக்கு முன்னால் அதையும் மாற்றிவிடுவேன்.